பாறசாலையில் பிரேக் தேடிய நாட்கள்

எல்லைச் சாவடியில் என்னை நிறுத்தியவர் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே இருந்தவை: இரண்டு சுடிதார், ஒரு துண்டு, ஆலன் சாவிக் கொத்து, வெர்னியர் அளவி, பஞ்சர் ஒட்டும் டப்பா, ஒரு பொட்டலம் கடலை உருண்டை, உர்சுலாவின் கடிதம். அவர் வெர்னியரை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"அளக்கறதுக்குங்க."

"என்னத்த அளக்க?"

பிரேக் பேடு என்று சொன்னேன். அவர் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போகலாம் என்று கையசைத்தார்.

எல்லை எனக்குப் புதிதல்ல. நான் வேலை செய்யும் ஓசூரிலும் எல்லை உண்டு. அங்கே தாண்டினால் டீக்கடைக்காரரின் மொழி மாறிவிடும். இங்கே தாண்டிய பிறகும் எல்லோரும் முன்பு பேசியதையேதான் பேசினார்கள். பலகைகளில் எழுத்து மட்டும் மலையாளத்துக்கு மாறிவிட்டது. எனக்கு ஒன்றும் படிக்கத் தெரியவில்லை.

உர்சுலாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிரேக் பேடு ஆலைக்கு ஒரு புது இயந்திரத்தை நிறுவ ஜெர்மனியிலிருந்து வந்து எட்டு மாதம் இருந்தவர். சோதனைப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். அவர் வந்த பிறகு சாப்பாட்டு மேசையில் என் எதிரே ஒருவர் உட்கார்ந்தார். போகும்போது தன் மலைச் சைக்கிளை என்னிடம் விட்டுப் போனார். இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்: சக்கரத்தின் நடுவில் ஒரு உலோகத் தட்டு, அதை இருபுறமும் கவ்வ இரண்டு சின்னப் பேடு. ஓசூரில் அப்படி இன்னொன்றை நான் பார்த்ததில்லை. ஓராண்டு கழித்து, தொண்ணூற்றொன்பது ஐப்பசியில், கடிதம் வந்தது: நண்பர்களோடு கோவளத்தில் இருப்பேன், செவ்வாய்க்கிழமை காலை மலைப்பக்கம் கிளம்புகிறோம், முடிந்தால் சைக்கிளைக் கொண்டுவா. முடியுமா என்று நான் யோசிக்கவே இல்லை. ஐந்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். நாகர்கோவில் வரை சைக்கிள் ரயிலில் வந்தது, அதன் பிறகு நான் அதன்மேல்.

செவ்வாய்க்கு முன் சைக்கிளை அவர் கையில் கொடுக்க வேண்டும். ஒரு வேளை அவரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வந்த காரியம் இவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் பாறசாலையை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் டிஸ்க் பிரேக் கத்தும். ஒவ்வோர் இறக்கத்திலும் என் சைக்கிள் ஊரையே கூப்பிட்டது. ஒரு கடை ஓரமாக ஒதுங்கினேன். நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த பேருந்தில் இறங்கிய பெண் ஒருவர், குடையோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீயாக்கும் இந்தச் சத்தத்துக்காரி? பஸ்ஸுக்குள்ள இருந்தே கேட்டேன். எங்க போற மக்கா?"

"கோவளங்க."

"இந்த மழையிலயா? எனக்க வீடு மேல உண்டு. வா. காலத்த போலாம்."

அவர் பெயர் ஸ்டெல்லா. நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்கு எதிரே தட்டச்சு செய்து கொடுக்கிறார். நாற்பது வயது இருக்கும். கணவர் தேவதாஸ் மஸ்கட்டில். வீட்டில் வேறு யாரும் இல்லை. செம்மண் சரிவின் உச்சியில் இரும்புக் கதவு போட்ட வீடு. கதவைத் தள்ளினார். சத்தமே வரவில்லை, அதைக் கவனித்தேன்.

மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் வைத்தார். எங்கள் பக்கத்துக் கடலை எண்ணெய்க்குப் பழகிய நாக்குக்கு முதல் வாயிலேயே தேங்காய் எண்ணெய் தெரிந்தது. மூன்றாவது வாயில் மறந்துவிட்டது. "நல்லா இருக்குதுங்க" என்றேன். "வாய்க்கு வாய் ஒரு 'ங்க'. கோர்ட்டுல நிக்குத மாதிரி இருக்கு. அக்காண்ணு கூப்பிடு, போதும்" என்று சிரித்தார்.

நான் குளிக்கப் போனேன். வெளியே அவர் நடமாடும் ஓசை கேட்டது. வந்து பார்த்தபோது கையில் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி இருந்தது. திண்டில் ஒரு துணி. கொட்டகையில் ஸ்கூட்டர் ஒன்று பளபளவென்று நின்றது. கணவர் மூன்று மாதம் ஓட்டிவிட்டு மஸ்கட் போனாராம். ஏழு வருடம் ஆகிறது. இடையில் ஒரே தடவை வந்துபோனது. கடல் காற்றில் எதுவும் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாராம். அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் எண்ணெய்: ஸ்கூட்டர், தையல் இயந்திரம், பூட்டுகள், கதவுக் கீல்கள், கிணற்றுக் கப்பி.

"அவிய வந்தா கேப்பாவ இல்லியா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தேவாலயத்துக்குக் கிளம்பினார், நான் கோவளத்துக்கு. சரிவில் சைக்கிளை விட்டேன். பாதியில் பிரேக்கைப் பிடித்தேன். பிடி கைப்பிடியைத் தொட்டது, சைக்கிள் அதே வேகத்தில் போனது. இரண்டையும் சேர்த்து அழுத்தினேன். சத்தமும் இல்லை, பிடிப்பும் இல்லை. கீழே தார்ச்சாலையில் ஒரு லாரி குறுக்கே போவது தெரிந்ததும் செம்பருத்தி வேலிக்குள் திருப்பினேன்.

எழுந்து முதலில் டிஸ்க்கை விரலால் தொட்டேன், பிறகு முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய்.

சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டெல்லா அக்கா ஓடி வந்தார். கையில் வேதப் புத்தகம்.

"பிரேக்குல எண்ணெ போட்டீங்களாக்கா?"

"போட்டேனே. நீ வரும்போ அது கெடந்து காறுச்சு. பாத்தா தட்டு ரண்டும் காஞ்சு கெடக்கு, பாவம். சனியாழ்ச்சதானே, அதுக்கும் ரண்டு சொட்டு விட்டேன்." என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "போடப்படாதா?"

"அது ஒண்ணுக்கு மட்டும் போடக்கூடாதுங்கக்கா."

அவர் அன்று தேவாலயத்துக்குப் போகவில்லை. என் முழங்கைச் சிராய்ப்புக்கும் அந்தக் குப்பியிலிருந்தே எண்ணெய் போட்டார். அதற்குப் போடலாம்.

உரசிப் பிடிக்கிற பொருளைச் சோதிப்பதுதான் என் தொழில். பேடு எண்ணெயைக் குடித்துவிட்டால் துடைத்துப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்து பார்த்தேன். டிஸ்க்கைச் சோடா உப்பு கரைத்த வெந்நீரில் கழுவி, பெட்ரோலில் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்தேன். அது தேறியது. நான்கு பேடுகளில் இரண்டை மண்ணெண்ணெய் அடுப்பில் வாட்டி எண்ணெயை எரித்துப் பார்த்தேன். கொஞ்சம் கூடுதலாக வாட்டிவிட்டேன். இரண்டும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தன. அந்த இரண்டுக்கு அக்கா பொறுப்பல்ல.

பேருந்தில் போய்விட்டு வந்திருக்கலாமே என்று இதைப் படிப்பவர் கேட்கலாம். வெறுங்கையோடு போய் உர்சுலாவைப் பார்த்திருக்கலாம். அன்று எனக்கு அது தோன்றவே இல்லை. பிரேக் இல்லாத சைக்கிளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் ஒப்படைப்பது மட்டும்தான் தோன்றியது. அவர் அதில் மலையிறங்கப் போகிறவர். முடியாது என்று அந்த யோசனையைக் கைவிட்டேன். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று கணக்கு.

கீழே முக்கில் சைக்கிள் கடை வைத்திருக்கும் தங்கப்பன் அண்ணன், ஞாயிறு என்றாலும் அக்கா கூப்பிட்டதும் மேலே வந்தார். சைக்கிளைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"எனக்க கடையில பிரேக்குக் கட்ட ரண்டு வகை உண்டு. கறுப்பு, செவப்பு. ரண்டும் இதுக்குச் சேராது. இதுக்கு ஆசுபத்திரி வேறயாக்கும்."

"நெய்யாத்தங்கரையில கிட்டுமா அண்ணா?" என்று அக்கா கேட்டார்.

"எம்மா, நெய்யாத்தங்கரையில கேஸு கிட்டும், வக்கீலு கிட்டும். இது கிட்டாது. போய்ப் பாக்கட்டு."

திங்கட்கிழமை அக்காவோடு நெய்யாற்றின்கரைக்குப் போனேன். அவர் தட்டச்சு மேசைக்கு, நான் உதிரிபாகக் கடைகளுக்கு. உதிராத பேடுகளில் ஒன்றைத் தாளில் பொதிந்து எடுத்துப் போயிருந்தேன். முதல் கடைக்காரர் அதை உள்ளங்கையில் வைத்து, கடிகாரத்தின் பாகமா என்று மலையாளத்தில் கேட்டார். இரண்டாமவர் தையல் இயந்திரமா என்றார். நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன்:

சைக்கிள் ரப்பர்க் கட்டை. டிஸ்க்கின் சூட்டில் உருகும். வேண்டாம்.

காரின் முன்சக்கரப் பேடு. அறுத்துச் சின்னதாக்கலாம். ஆனால் அது கனத்த வண்டிக்கானது, சூடேறினால்தான் பிடிக்கும். என் கையழுத்தம் அதற்குப் போதாது.

லாரி லைனிங். மேற்படி, இன்னும் மோசம்.

ஸ்கூட்டர் பிரேக் ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங். மென்மை, குளிரிலேயே பிடிக்கும், அறுக்க வரும். இதுதான் சரி. கேட்டேன். இருந்த ஒரே ஜோடியைக் காலையில் யாரோ வாங்கிப் போய்விட்டார். அடுத்த சரக்கு வியாழன்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே தொலைபேசிக் கடையில் நுழைந்தேன். ஒரு நாள் தள்ளிப் போக முடியுமா என்று உர்சுலாவிடம் கேட்கலாம் என நினைத்தேன். விடுதியில் எடுத்தவர் கூப்பிடப் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் வாழைப்பழத்தில் போட்ட பழம்பொரி தின்றுகொண்டு தன் முறைக்குக் காத்திருந்தார்.

"ஓ, நீயா! எங்கே இருக்கிறாய்?" என்றது உர்சுலாவின் குரல். நாங்கள் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவோம்.

பக்கத்தில்தான், பிரேக்கில் ஒரு கோளாறு, ஒரு நாள் கூடுதலாக வேண்டும் என்றேன்.

"பிரேக்கா? ஐயோ, சைக்கிளுக்காகவா வந்தாய்? நாங்கள் ஜீப் எடுத்துவிட்டோம். இன்றைக்கு இரவே கிளம்புகிறோம். அதை நீயே வைத்துக்கொள்! ஊரில் நான் புதிதாக ஒன்று வாங்கிவிட்டேனே, எழுதவில்லையா?"

எழுதவில்லை.

"இப்போதே பேருந்தில் வருகிறேன். ஒரு மணி நேரம்தான்."

"இப்போதா? படகு காத்திருக்கிறது, திரும்ப நேரமாகும். அடுத்த முறை, சரியா? நீ ரொம்ப நல்லவள்."

சரி என்றேன். வெளியே வந்தபோது காத்திருந்தவர் விரலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கும் ஒரு பழம்பொரி வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது. தின்று முடித்தேன்.

பாறசாலைப் பேருந்து என்று நினைத்து ஏறினேன். எந்தப் பேருந்தின் பலகையையும் எனக்குப் படிக்க வராது. நடத்துனரிடம் கேட்டிருக்க வேண்டும். அன்று யாரிடமும் எதையும் கேட்க மனம் இல்லை. வண்டி தென்னைக்குள்ளே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கடலில் போய் நின்றது. பொழியூர். அதற்கு மேல் சாலை இல்லை. கரையில் கருங்கல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள். கற்களுக்கு அந்தப் பக்கம் பாதிச் சுவர் மட்டும் நிற்கும் ஒரு வீட்டுக்குள் அலை வந்து போய்க்கொண்டிருந்தது.

டீக்கடைப் பெண் சாயாவை நீட்டினார்.

"யாருக்க வீட்டுக்கு வந்த?"

"யார் வீட்டுக்கும் இல்லைங்க. பஸ் மாறி ஏறிட்டேன்."

"அது நல்லது. இஞ்ச இருக்கப்பட்ட வீடே கொறவு" என்றார், படகுக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருபது நிமிடத்தில் அதே வண்டி திரும்பியது. அதில் ஏறிய பயணி நான் ஒருத்திதான்.

வீடு போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கொட்டகையில் ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது. பின்சக்கரம் கழன்று தனியே இருந்தது. தங்கப்பன் அண்ணன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா அக்கா கையெல்லாம் கறுப்பாக நின்றார்.

"மத்தியானமே லீவு செல்லிட்டு வந்தேன். உனக்கு ஸ்கூட்டரு லைனிங்கு கிட்டேலண்ணு, டைப் அடிக்க வந்த கடைக்காரன் செல்லிட்டான். பின்ன நெனச்சேன், நம்ம வீட்டுல ஒரு ஸ்கூட்டரு கெடக்கேண்ணு." அரை வட்டமாக இரண்டு ஷூக்களை நீட்டினார். "பாரு, இதுல எண்ணெ இல்ல. உள்ள கெடக்கப்பட்டதுல எனக்க கை எட்டேல."

ஏழு வருடமாக அவருடைய எண்ணெய் படாத ஒரே இடம். லைனிங் புதிதாகவே இருந்தது. மூன்று மாதத் தேய்மானம்.

சொல்லாமல் வாங்கிக்கொள்ள முடியவில்லை. "வேண்டாங்கக்கா. எனக்கு இனி கோவளம் போக வேண்டிய வேலை இல்லை. சைக்கிள் அவங்களுக்கு வேண்டாமாம். இன்னைக்கே கிளம்பறாங்களாம். திருப்பி மாட்டிடலாம்."

தங்கப்பன் அண்ணன் சக்கரத்தை மறுபடி கையில் எடுத்தவர் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீ அவளப் பாக்கவே இல்லியா?"

"இல்லைங்க."

"சாயா குடிச்சியா?"

"குடிச்சேன்."

"பின்ன இந்தா." ஷூக்களை என் கையில் வைத்துவிட்டார். "ஸ்டேஷன் வரைக்கும் எத்தன எறக்கம் உண்டு, நீ எப்பிடிப் போவ? ஓடாத வண்டிக்கு எதுக்காக்கும் பிரேக்கு?"

"வந்தா கேப்பாங்களேக்கா."

"கேக்கட்டு. உங்க பிரேக்கு ஓசூரு போயிருக்குண்ணு செல்லுவேன்."

"நான் புதுசு வாங்கி அனுப்பறேன்."

"அனுப்பண்டாம்." கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "வந்தா மாத்துகதுக்கு அவியளுக்கு ஒரு வேலையாவது கெடக்கட்டு."

தங்கப்பன் அண்ணன் சக்கரத்தைத் திருப்பி மாட்டத் தொடங்கினார். "பெண்ணுங்க ரண்டுபேரும் பேசி முடிச்சாச்சுண்ணா அந்த ஸ்பேனர எடுத்துத் தாருங்கோ" என்றார்.

செவ்வாய்க்கிழமை வேலை. லைனிங்கை ஷூவிலிருந்து உளியால் பெயர்த்தேன். தூசி மூச்சில் போகக்கூடாது என்பதால் தண்ணீர் விட்டு விட்டு அறுத்தேன். வில் மாதிரி வளைந்திருந்ததைக் கல்லில் தேய்த்துத் தட்டையாக்கினேன். பழைய பேடுகளின் இரும்புத் தகட்டைச் சுரண்டி, இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து ஒட்டினேன். எட்டு மணி நேரம் இறுக்கிப் பிடித்து வைக்க வேண்டும். அக்காவின் தையல் மேசையில் இருந்த இடுக்கிகள் உதவின. காலையில் இருந்து மழை வரவில்லை, அதுவும் உதவியது.

சாயங்காலம் சோதனை. ஆலையில் இதற்கென்று ஓர் இயந்திரம் உண்டு, உர்சுலா நிறுவியது. இங்கே தகட்டைக் கொட்டகைத் தூணில் பிணைத்து, ஒட்டிய துண்டில் கம்பி சுற்றி, அதில் இரண்டு வாளி தண்ணீரைத் தொங்கவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் அரை மணி. நான்காவது பேடு முடியும் வரை அக்கா எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வாளியையே பார்த்துக்கொண்டு, வெங்காயம் உரித்தார். உர்சுலா எப்படி இருப்பாள் என்று கேட்டார். உயரம், மூக்குக்கண்ணாடி, தயிர்சாதம் பிடிக்கும் என்றேன். வேறு சொல்ல நிறைய இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவ்வளவுதான் வந்தது.

"இவியளும் உயரமாக்கும்" என்றார், கணவரின் ஸ்கூட்டரைப் பார்த்து. கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருந்தாவ" என்றார்.

ஒட்டிய துண்டு எதுவும் பெயர்ந்து விழவில்லை.

புதன்கிழமை காலை சரிவில் சைக்கிளைத் தள்ளி ஏற்றி, மெதுவாக இறக்கி, பிரேக்கைப் பிடித்துப் பிடித்துப் பழக்கினேன். இருபது தடவை. முதல் ஐந்தில் வழுக்கியது. பத்துக்கு மேல் கடித்தது. இருபதாவதில் நினைத்த இடத்தில் நின்றது. தங்கப்பன் அண்ணன் கடையிலிருந்து வெளியே வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு என்று அக்கா சொன்னார்.

அக்காவுக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன்: எண்ணெய் போட வேண்டியவை, போடக் கூடாதவை. இரண்டாவதில் ஒரே வரிதான். அவர் வாங்கிப் படித்து, வேதப் புத்தகத்துக்குள் வைத்தார். வாழையிலையில் மரச்சீனி கட்டிக் கொடுத்தார். என் கடலை உருண்டைப் பொட்டலத்தை மேசையில் வைத்தேன்.

"வாறேன்னு செல்லு. போறேன்னு செல்லாத."

"வாறேங்கக்கா." இரண்டு ஊரும் சேர்ந்து வந்துவிட்டது. சிரித்தார்.

கதவருகே நின்று, நான் ஏறி உட்கார்ந்து பிரேக்கை ஒரு தடவை பிடித்து விடுவதைப் பார்த்தார்.

"சத்தமே இல்லியே மக்கா. அண்ணைக்கு நீ வந்தது அங்க பஸ்ஸுல இருந்தே கேட்டுது. இனி நீ போறதும் தெரியாது."

சரிவில் விட்டேன். செம்பருத்தி வேலி போனது, நான் விழுந்த ஓட்டை இன்னும் அப்படியே இருந்தது. தார்ச்சாலைக்கு இரண்டடி முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். ஒரு முனகல்கூட இல்லாமல் சைக்கிள் நின்றது. கையசைக்கலாம் என்று திரும்பினேன்.

அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். நான் நின்றது அவருக்குத் தெரியவில்லை. கதவின் கீல்களிலும் சத்தம் இல்லை.